800 என்ற இலக்கமும் 58 மீற்றர் பொறுமையும்

 

சம்பூரிலும் மூதூரிலும் தோப்பூரிலும் இருந்து எங்கள் சூழல் கழகத்துக்குக் காசு தந்த எல்லோருக்கும் கணக்குச் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது. "லென்ஸ் வாங்கியாச்சா சேர்?" என்று பள்ளிவாசல் முன்னாலும் கோயில் வீதியிலும் சந்தையிலும் கேட்கிறீர்கள். வாங்கிவிட்டோம். ஆனால் நீங்கள் எதிர்பார்த்த பெரிய லென்ஸை வாங்கவில்லை. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் சரித்திரம் பேச வேண்டியிருக்கிறது. சரித்திரம் படிப்பிக்கிறவர்களிடம் கணக்குக் கேட்டால் இப்படித்தான் வரும். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தான் பாவித்த கெனன் கமரா ஒன்றைக் கழகத்துக்குத் தந்தார். 24 மெகாபிக்சல். கூடவே வந்த லென்ஸ் 18–55 மில்லிமீற்றர். வகுப்புப் படம் எடுக்க அது போதும். களப்பில் நிற்கும் நாரையை அதில் எடுத்தால் நாரை ஒரு அரிசி மணி அளவுதான் தெரியும். அதனால்தான் பிள்ளைகள் உண்டியல் வைத்தார்கள். சேர்ந்தது 74,000 ரூபா.

"பறவையைப் பார்க்கக் கண் போதாதா?" என்று கரையில் ஒரு மீனவ நாநா கேட்டார். அவருக்குப் போதும். இறகடிக்கும் விதத்தை வைத்தே என்ன பறவை என்று சொல்லிவிடுவார். ஆனால் அவருடைய கண்ணை ஒரு கோப்பில் இணைத்து அனுப்ப முடியாது.

எங்கள் பகுதியின் கதை எல்லோருக்கும் தெரியும். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சு தொடங்கியபோது சம்பூர் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். மூதூருக்குத் திரும்பி வர முடிந்தது. சம்பூர் பூட்டியே கிடந்தது. முதலில் உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள், பிறகு அனல் மின் நிலையத்துக்கான காணி என்றார்கள். மக்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் கொட்டிலுக்குள் வருடங்களைக் கழித்தார்கள். காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015 இல்தான். கடற்படை முகாம் இருந்த பகுதிக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில், நிலக்கரி மின் நிலையம் சம்பூரில் கட்டப்படாது என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2025 ஏப்ரலில் சூரிய மின்சாரத் திட்டத்துக்கு ஆரம்ப விழா நடந்தது.

எந்தத் திட்டம் நல்லது, எது கெட்டது என்று இந்தப் பதிவில் வாதாட வரவில்லை. ஆனால் ஒவ்வொரு திட்டத்தோடும் ஒரு கேள்வி வரும்: இங்கே முன்பு என்ன இருந்தது? எத்தனை வகைப் பறவை, எந்த மாதத்தில், எந்த இடத்தில்? ஒன்பது வருடம் சொந்தக்காரர்களே கால் வைக்க முடியாத ஊரில் அதற்குப் பதில் யாரிடம் இருக்கும்? "எங்கட வாப்பா சொல்லுவார்", "எங்கட அம்மம்மா கண்டவ" என்பது நமக்கு உண்மை. விசாரணை மேசையில் அதற்குப் பெறுமதி குறைவு. திகதியும் இடமும் எழுதிய ஒரு படத்துக்கு அங்கே பெறுமதி உண்டு.

இதற்கு நம் கடலிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1979 இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின் 1982 முதல் 1984 வரை 'ருலிப்' என்ற ஒரு சிறிய பாய்க்கப்பலில் ஹால் வைற்ஹெட் என்பவரின் தலைமையில் ஆய்வாளர்கள் இலங்கைக் கடலில் சுற்றினார்கள். திருகோணமலைக்கு வெளியே கடலடியில் இருக்கும் ஆழமான பள்ளத்தாக்கின் பக்கமும் வேலை செய்தார்கள். திமிங்கிலம் முக்குளிக்கும்போது வால் மேலே எழும். வாலின் ஓரத்தில் உள்ள வெட்டுகளும் வடுக்களும் நமது கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அதைத் தூர லென்ஸால் படம் பிடித்து ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அடையாளம் வைப்பதுதான் அந்த ஆய்வு முறை. பிறகு போர் வந்தது, வேலை நின்றது. ஆனால் எடுத்த படம் படமாகவே இருக்கிறது. எத்தனை வருடம் கழித்தும் அதை இன்னொரு படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இனி லென்ஸின் கதைக்கு வருவோம்.

ஒளி கண்ணாடிக்குள் போகும்போது ஏன் வளைகிறது என்று ஆராய்ந்தவர்களில் நமக்குப் பெருமையான பெயர் இப்னுல் ஹைதம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். ஏறத்தாழ 1011 க்கும் 1021 க்கும் இடையில் அவர் எழுதிய கிதாபுல் மனாளிர் ஏழு பாகம் கொண்டது. ஏழாவது பாகம் ஒளி முறிவைப் பற்றியது. அது லத்தீனுக்குப் போய், 1572 இல் ஐரோப்பாவில் அச்சானது. 2015 ஐ ஒளிக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபோது அந்த நூலின் ஆயிரம் ஆண்டையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார்கள். சம்பூர் மக்கள் தங்கள் வாசலுக்குத் திரும்பத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பிள்ளைகள் மறக்காமல் இருப்பதற்காக இரண்டையும் ஒன்றாகவே சொல்லிக் கொடுக்கிறோம்.

கமரா வந்த பிறகு புதுச் சிக்கல் ஒன்று வந்தது. தூரத்தைக் கிட்டக் கொண்டுவர நீண்ட குவியத் தூரம் வேண்டும். சாதாரண முறையில் செய்தால் 600 மில்லிமீற்றர் லென்ஸுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீற்றர் நீளக் குழாய் வேண்டும். 1891 இல் லண்டனில் தோமஸ் டல்மேயர், முன்னால் ஒளியைக் குவிக்கும் வில்லையும் பின்னால் அதைச் சற்று விரிக்கும் வில்லையும் வைத்துக் குழாயைச் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். ஜேர்மனியிலும் அதே காலத்தில் சிலர் அதே வழியைக் கண்டார்கள். 'டெலிபோட்டோ' என்று நாம் சொல்வது இந்த அமைப்பைத்தான்.

ஆனால் அந்தக் காலத்து டெலிபோட்டோ மங்கல், பாரம், விலையும் கூட. இங்கிலாந்தில் ரிச்சர்ட், செரி கியர்டன் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். யோர்க்ஷயர் கிராமத்துக்காரர்கள். 1890களில் பறவைகளை அவற்றின் இடத்திலேயே படம் எடுக்கப் புறப்பட்டவர்கள். லென்ஸால் தூரத்தைக் குறைக்க முடியாததால் தாங்களே தூரத்தைக் குறைத்தார்கள். உள்ளே கோறையாக ஒரு பொய் மாடு செய்து, மாட்டுத் தோலைப் போர்த்தி, அதன் வயிற்றுக்குள் கமராவோடு நின்று பறவைக்குக் கிட்டப் போனார்கள். பிள்ளைகள் இந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும், கடைசியில் எங்களுக்கு உதவியது அந்த மாடுதான்.

தமிழ்ப் பக்கம் சொல்வதென்றால் சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன். 1912 இல் பிறந்து 1996 இல் மறைந்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவருடைய படங்கள் இன்றைக்கும் பேசப்படுகின்றன. அவரிடம் விலையுயர்ந்த ஆயத்தம் இருக்கவில்லை. ஒரு கமராவின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ் என்று தானே சேர்த்துப் பொருத்தியதைத்தான் பாவித்தார். அந்தப் பாரமான கருவிக்குப் பகிடியாக 'சூப்பர் பொண்டெரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். காட்டையும் விலங்கின் போக்கையும் அறிந்திருந்தார், காத்திருக்கத் தெரிந்திருந்தார். மிச்சத்தை அந்த ஒட்டுக் கமரா செய்தது.

ஒரே லென்ஸைக் கிட்டவும் தூரவும் மாற்றிப் பாவிக்கும் சூம், 35 மில்லிமீற்றர் படக் கமராவுக்கு 1959 இல் வந்தது. ஆனால் அது 36–82 தான். 600 வரை போகும், சாதாரண ஆட்கள் கனவு காணக்கூடிய சூம் வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. 2013 இன் கடைசியில் டம்ரோன் 150–600 ஐ அறிவித்தது. அமெரிக்காவில் விலை 1,069 டொலர். அடுத்த ஆண்டு சிக்மா இரண்டு 150–600 லென்ஸ்களைக் கொண்டுவந்தது, ஒன்று இலேசானது, மற்றது பாரமானது. 2015 இல் நிக்கோன் 200–500. அதுவரை 600 மில்லிமீற்றர் என்றால் பத்தாயிரம் டொலருக்கு மேல் கொடுக்கும் தொழில்காரர்களின் பொருள்.

நமக்கு அந்த மலிவு முழுதாக வந்து சேரவில்லை. 2014 இல் டொலர் ஏறத்தாழ 130 ரூபா. வரியை விட்டுப் பார்த்தால் அந்த டம்ரோன் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் வரும். 2022 மே மாதம் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அதே 1,069 டொலர் மூன்று இலட்சத்து எண்பத்தைந்தாயிரம் ஆனது. கண்ணாடி அதேதான், நம் காசுதான் சுருங்கியது.

இந்தச் சரித்திரத்தோடு சந்தையில் இறங்கினோம். பிள்ளைகளுக்கு ஒரேயொரு வகுத்தல் கணக்கைச் சொல்லிக் கொடுத்தோம். குவியத் தூரத்தை எஃப் இலக்கத்தால் வகுத்தால், லென்ஸ் ஒளியை உள்ளே விடும் வாசலின் அகலம் வரும். 600 ஐ 6.3 ஆல் வகுத்தால் 95 மில்லிமீற்றர். டம்ரோன் 150–600 இன் முன்பக்கம் ஒரு சிறிய சாப்பாட்டுக் கோப்பை அளவு இருப்பதற்கும், பாரம் ஏறக்குறைய இரண்டு கிலோ வருவதற்கும் காரணம் அதுதான். 600 எஃப் 4 என்றால் வாசல் 150 மில்லிமீற்றர். அந்த அளவுக் கண்ணாடியைப் பிழையில்லாமல் தீட்டும் கூலிதான் பத்தாயிரம் டொலர்.

முதலில் பொடியன்கள் கொண்டுவந்தது 420–800 என்று எழுதிய ஒரு லென்ஸ். ஒரே சாமான் பல பெயர்களில் விற்கப்படுகிறது. புதியது, எங்கள் காசுக்குள் வருகிறது. "800 சேர்! 600 ஐ விடக் கூட!" வகுத்துப் பாருங்கள் என்றோம். 800 இல் அது எஃப் 16. வாசல் 50 மில்லிமீற்றர். விடியற்காலை வெளிச்சத்தில் படம் இருண்டு போகும். வெளிச்சம் வேண்டி நேரத்தைக் கூட்டினால் படம் ஆடும். தானாகக் குவிக்கவும் அதற்குத் தெரியாது. பெட்டியில் பெரிதாக எழுதிய இலக்கத்துக்குக் காசு கொடுப்பது, மீன் வாங்கும்போது ஐஸுக்குக் காசு கொடுப்பது போல.

அடுத்தது பழைய 500 கண்ணாடி லென்ஸ், எஃப் 8. உள்ளே வில்லையோடு வளைந்த ஆடியும் வைத்து ஒளியை மடக்கிச் செய்தது. கட்டை, இலேசு, மலிவு. ஆனால் கையால்தான் குவிக்க வேண்டும். பின்னணியில் நீர் மினுங்கினால் ஒவ்வொரு மினுக்கமும் உளுந்து வடை மாதிரி வளையமாக விழும். களப்பில் நீர் மினுங்காத நேரம் ஏது?

ஒரு பிள்ளை பாவித்த நிக்கோன் 200–500 ஒன்றைக் கண்டுபிடித்தது. நல்ல லென்ஸ், ஆனால் எங்கள் கெனன் கமராவில் ஏறாது. லென்ஸ் பார்க்கும் முன் கமராவின் வாய் எது என்று பார்க்க வேண்டும் என்பது அன்றைய பாடம்.

பாவித்த 150–600 க்கு எங்கள் காசைப் போல் மூன்று மடங்குக்கு மேல் கேட்டார்கள். ஊரில் ஒரு நல்ல மனிதர் மிச்சத்தைக் கடனாகத் தரவும் முன்வந்தார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். இல்லையென்றால் ஒரு வருடம் சேர்க்க வேண்டும். இதில்தான் கழகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் "வாங்கினா நல்லதா வாங்குவம், காத்திருப்பம்" என்றது. மற்றப் பக்கம் "பறவை காத்திருக்குமா?" என்று கேட்டது. வலசைப் பறவைகள் ஒக்டோபரில் வரும், ஏப்ரலில் போய்விடும். சாதாரண தரம் எழுதும் பிள்ளைகளும் போய்விடுவார்கள்.

பாவித்த சாமான் பற்றி எங்களுக்குச் சூடு ஒன்று ஏற்கனவே பட்டிருந்தது. முன்பு ஒரு பழைய லென்ஸை அவசரப்பட்டு வாங்கினோம். வீட்டுக்கு வந்து கைபேசி வெளிச்சத்தைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். கடற்கரை ஈரத்தில் கண்ணாடிக்குள்ளேயும் பூஞ்சணம் வளரும். நம் பகுதியில் பாவித்த லென்ஸ் வாங்குகிறவர்கள் காசை எடுக்கும் முன் வெளிச்சத்தை எடுங்கள்.

கடைசியில் முடிவைத் தந்தது கரும்பலகைக் கணக்கு. கமராவுக்குள் விழும் பறவையின் அளவு என்பது பறவையின் உயரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, நிற்கும் தூரத்தால் வகுத்தது. 40 சென்ரிமீற்றர் உயரப் பறவை 100 மீற்றரில் நிற்கிறது. 600 லென்ஸில் 2.4 மில்லிமீற்றர் விழும். 250 லென்ஸில் 1 மில்லிமீற்றர். எங்கள் கமராவில் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 269 புள்ளிகள். சுவரில் மாட்ட அது போதாது. சொண்டு வளைவா நேரா, கால் என்ன நிறம் என்று பார்த்துப் பெயர் எழுதப் போதும். எங்களுக்கு வேண்டியது அந்தப் பெயரும் திகதியும்தான்.

"அப்ப 250 ஆல 600 மாதிரிப் படம் வேணுமெண்டா?" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. கணக்கைத் திருப்பிப் போட்டோம். பறவைக்கு 42 மீற்றரில் நிற்க வேண்டும். அதாவது 58 மீற்றர் கிட்டப் போக வேண்டும். எங்களிடம் இல்லாத அந்த ஒன்றரை இலட்சம் ரூபாவின் வேலை 58 மீற்றர். கியர்டன் சகோதரர்களின் மாடு ஞாபகம் வந்தது. மாடு செய்யவில்லை. நாலு தடியும் கிடுகும் வைத்து ஒரு மறைப்புக் கட்டினோம்.

ஆகவே வாங்கியது பாவித்த 55–250. பாரம் அரைக் கிலோவும் இல்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையும் தாங்கும். விலை 42,000 ரூபா. காற்றுப் புகாத பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளும் 3,500. மிச்சம் 28,500 கழகக் கணக்கில் இருக்கிறது. சிட்டைகளைப் பாடசாலைக்கு வந்து யாரும் பார்க்கலாம். கடன் தர முன்வந்தவரிடம் நன்றி சொல்லி, இப்போதைக்கு வேண்டாம் என்றோம்.

பெரிய லென்ஸ் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. மணலில் முட்டையிடும் பறவைக்கு 42 மீற்றரில் போனால் அது எழும்பிவிடும், முட்டை வெயிலில் கிடக்கும். அங்கே நாங்கள் போகவே மாட்டோம். அந்தப் படங்களுக்கும் கடலில் எடுக்கும் படங்களுக்கும் 600 வேண்டும். அதற்குத்தான் மிச்சக் காசை வைத்திருக்கிறோம். மத்தியானப் படத்துக்கு மட்டும் எந்த லென்ஸும் வேண்டாம். சூடேறிய மணலுக்கு மேல் காற்று நெளியும்போது பத்தாயிரம் டொலர் கண்ணாடியும் நெளிந்த பறவையைத்தான் காட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நீண்ட லென்ஸைப் பார்த்தால் நம் ஊரில் நெஞ்சு திக்கென்னும், அதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். அதனால் பிள்ளைகளுக்கு மூன்று கட்டளை போட்டிருக்கிறோம். முகாம், துறைமுகம், காவலரண் பக்கம் கமரா திரும்பாது. வீடு, கிணற்றடி, குளிக்கிற இடம் பக்கம் திரும்பாது. பிறர் வாழ்க்கையைத் துருவிப் பார்க்கக் கூடாது என்பது நம் எல்லா வீடுகளிலும் சொல்லித் தரும் பாடம்தானே. மூன்றாவது, ஆசிரியர் ஒருவர் இல்லாமல் கரைக்குப் போவதில்லை.

போன சனிக்கிழமை விடியற்காலை முதல் பதிவு எழுதினோம். படம் கொஞ்சம் மங்கல். நீண்டு வளைந்த சொண்டுள்ள ஒரு கரையோரப் பறவை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது விறகு பொறுக்க வந்த ஒரு அம்மம்மா எட்டிப் பார்த்து, "இது நாங்க ஓடுறதுக்கு முன்னமும் இஞ்ச வாறதுதான்" என்றார். திகதி, இடம், நேரம் எழுதிய கொப்பியில் அவர் சொன்னதையும் ஒரு வரியாகப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

அவர் தன் வளவை எட்ட நின்றுகூடப் பார்க்க முடியாமல் ஒன்பது வருடம் இருந்தவர். அந்தத் தூரத்துக்கு உலகத்தில் லென்ஸ் இல்லை. எங்களுக்கு இப்போது இருக்கிற தூரம் 58 மீற்றர்தான், அதை நடந்துவிடலாம்.

யாராவது வீட்டு அலுமாரியில் கெனன் லென்ஸ் சும்மா கிடந்தால் பூஞ்சணம் பிடிக்க முன் எங்களுக்குத் தாருங்கள். உங்கள் பிள்ளையையும் சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், ஏப்ரல் முடிய முதலாவது பட்டியலை இங்கே போடுவோம்.